வெளி மைக் மாட்டியதும் ஒலி ஏன் குறைகிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இராயபுரத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர் பழைய கேம்கார்டர் ஒன்றை வாங்கி, தம் பகுதிக் கானாப் பாடகர்களையும் காசிமேட்டு மீனவர்களையும் பதிவுசெய்து வருகிறார். கேமராவின் சொந்த மைக்கில் எடுத்தால் ஒலி தாராளமாக வருகிறது. வெளி மைக் மாட்டினால் ஈனமாகிவிடுகிறது. மூன்று பதிவுகளைக் குறிப்பிடுகிறார். முதலாவது, தாய்மாமா மொட்டை மாடியில் பாடிய கானா. மேடையில் பிடித்துப் பாடும் கைமைக்கை ஒரு கன்வெர்ட்டர் வயரால் கேமராவில் இணைத்திருக்கிறார். ஹெட்போனில் ஓரளவு கேட்கிறது, போனில் போட்டால் பாட்டையே காணவில்லை. இரண்டாவது, மீன்பிடித் துறைமுகத்தில் மீன் விற்கும் அம்மா ஒருவரின் பேட்டி. காலர் மைக்கில், முற்பகல் பதினொரு மணிக்குமேல் எடுத்தது. கேமராவின் ஒலி மீட்டர் நன்றாக ஆடியிருக்கிறது, ஆனால் குரல் சிறுத்துப் போயிருக்கிறது. மூன்றாவது, திருமண வரவேற்பில் மைக் செட் மிக்சரிலிருந்து நேரடியாக வாங்கிய ஒலி. குறைவாகவும் இருக்கிறது, கரகரக்கவும் செய்கிறது. "மைக் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் ஒன்று வாங்கினால் எல்லாம் சரியாகுமா?" என்பது அவர் கேள்வி.

இப்போதைக்கு வாங்காதீர்கள், தம்பி. மூன்று பதிவுகளிலும் ஒலி குறைந்ததற்கு மூன்று வேறு காரணங்கள் இருக்கின்றன. ப்ரீஆம்ப் அவற்றில் ஒன்றைக்கூடத் தீர்க்காது. ஒன்றை இன்னும் கெடுக்கும். சிக்னல் எந்த இடத்தில் தொலைகிறது என்று தெரியாமல் அதைப் பெருக்கப் பார்ப்பது, குடம் ஓட்டையாக இருக்கும்போது அடிபம்பை வேகமாக அடிப்பதுபோலத்தான்.

கேமரா பழையது என்பதால், முதலில் அதன் மெனுவை ஒரு முறை முழுதாகப் பாருங்கள். முந்தைய உரிமையாளர் கல்யாண வீடுகளுக்குப் போனவர் என்றால், தவில் சத்தத்துக்காக ஒலியை இறக்கி வைத்திருக்கக்கூடும். பழைய சோனி ஹேண்டிகேம்கள் சிலவற்றில் 'மைக்ரெஃப் லெவல்' என்று ஒரு வரி உண்டு. அது 'லோ'வில் இருந்தால் 'நார்மல்' ஆக்குங்கள். கேனான் வகைகளில் 'அட்டெனுவேட்டர்' என்று இருக்கும். அது இயங்கிக்கொண்டிருந்தால் மெல்லிய ஒலியும் சேர்ந்து இறங்கும். எக்ஸ்எல்ஆர் (மூன்று ஊசி மைக் வயருக்கான) துளை உள்ள பெரிய கேமராக்களில் லைன் (மிக்சர் போன்றவற்றின் பலமான சிக்னலுக்கு), மைக், மைக் 48 வோல்ட் என்று மூன்று நிலைச் சுவிட்ச் இருக்கும். மைக்கை மாட்டிவிட்டுச் சுவிட்சை லைனில் விட்டால் கிணற்றுக்குள்ளிருந்து வரும் முனகல்தான் மிஞ்சும். 48 வோல்ட் கேட்கும் கண்டென்சர் மைக்குக்கு அதைக் கொடுக்காவிட்டால் அதுவும் வராது. இன்னொன்று: ஹெட்போன் ஒலியைக் கூட்டுவதற்கும் பதிவு அளவைக் கூட்டுவதற்கும் தொடர்பே இல்லை. காதில் பலமாகக் கேட்டது என்பதால் கார்டில் பலமாக ஏறியிருக்கும் என்று நம்ப முடியாது. மீட்டரைத்தான் நம்ப வேண்டும். அதையும் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைக் காசிமேட்டுக்கு வரும்போது சொல்கிறேன்.

மாமாவின் கானாவுக்கு வருவோம். ஹெட்போனில் கேட்கிறது, போனில் இல்லை என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரியே நோயைக் காட்டிக்கொடுத்துவிட்டது. குற்றவாளி மைக்கும் அல்ல, கேமராவும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கன்வெர்ட்டர் வயர்.

கைமைக்கின் அடியில் மூன்று ஊசிகள் இருக்கின்றன. ஒன்றாம் ஊசி தரை, அதாவது கிரவுண்ட். இரண்டிலும் மூன்றிலும் ஒரே குரல்தான் வருகிறது, ஆனால் எதிரெதிராக வருகிறது: இரண்டில் அலை மேலே ஏறும்போது மூன்றில் அதே அளவு கீழே இறங்கும். மேடையில் நூறடி வயர் இழுத்தாலும் இரைச்சல் சேராமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. மிக்சர் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும். வழியில் இரண்டு கம்பியிலும் சமமாக ஏறிய இரைச்சல் கழிந்துபோகும், எதிரெதிரான குரல் மட்டும் இரட்டிப்பாகும்.

உங்கள் கேமராவுக்கு இந்த ஏற்பாடு தெரியாது. அதன் 3.5 மி.மீ. ஜாக் ஸ்டீரியோவுக்கானது: அதில் செருகும் பின்னின் நுனி இடது காது, நடுப்பட்டை வலது காது, அடிப்பகுதி தரை. கடையில் கிடைக்கும் எக்ஸ்எல்ஆர் வயர்களில் ஒரு வகை, இரண்டாம் ஊசியை நுனிக்கும் மூன்றாம் ஊசியை நடுப்பட்டைக்கும் கொடுத்திருக்கும். வேறு சில வேலைகளுக்கு அது சரியான வயர்தான், கேமராவுக்குச் சரியல்ல. மாமாவின் குரல் இடது பக்கம் நேராகவும் வலது பக்கம் தலைகீழாகவும் பதிவாகும். ஹெட்போனில் இரண்டு காதும் தனித்தனியாகக் கேட்பதால் பாட்டு இருப்பதுபோல் தோன்றும். கவனித்துக் கேளுங்கள், அந்தக் குரல் நெற்றிக்கு நேராக நிற்காது. இரண்டு காதோரமும் ஒட்டிக்கொண்டு நடுவில் வெற்றிடமாக இருக்கும். ஒரே ஸ்பீக்கர் உள்ள போனிலோ ப்ளூடூத் பெட்டியிலோ போட்டால் இடதும் வலதும் கூட்டப்படும். நேரும் தலைகீழும் கூடினால் பூஜ்யம். அங்கே இரைச்சலும் ஏதோ மெல்லிய எச்சமும்தான் மிஞ்சும். ப்ரீஆம்ப் வாங்கிப் பூஜ்யத்தை எத்தனை மடங்காகப் பெருக்கினாலும் பூஜ்யம்தானே?

நான் சொல்வதைச் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பதிவைப் போனில் ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். பிறகு போன் அமைப்புகளில் 'அக்சசிபிலிட்டி'க்குள் இருக்கும் 'மோனோ ஆடியோ'வை இயக்குங்கள். அந்த நொடியே பாட்டு மறைந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

வயரைச் சோதிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். 'பீப்' ஒலிக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையை இரண்டாம் ஊசித் துளையில் விட்டு, மறுமுனையால் நுனியையும் நடுப்பட்டையையும் தொடுங்கள். இரண்டிலும் ஒலிக்க வேண்டும். மூன்றாம் ஊசியும் ஒன்றாம் ஊசியும் பின்னின் அடிப்பகுதியோடு ஒலிக்க வேண்டும். மூன்றாம் ஊசி நடுப்பட்டையோடு ஒலித்தால் அந்த வயரைக் கேமராவில் மாட்டாதீர்கள். சரியானதை ரிச்சி தெருவில் வாங்கலாம். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடக்கும் தூரம்தான். ஆனால் 'எக்ஸ்எல்ஆர் டு 3.5' என்று மட்டும் கேட்டால் இதே வயரைத்தான் மறுபடியும் எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டு காதிலும் ஒரே ஒலி வருமாறு மோனோவாக இணைத்தது வேண்டும் என்று கேளுங்கள். கடையிலேயே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். சால்டரிங் தெரியும் என்றால் இருக்கும் பின்னையே திறந்து கம்பியை மாற்றிவிடலாம், கால்மணி நேர வேலை. இந்த வயரைச் சில அடிகளுக்குமேல் நீட்ட வேண்டாம். நீளம் கூடினால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஏறிக்கொள்ளும்; அப்போது டிரான்ஸ்ஃபார்மர் உள்ள எக்ஸ்எல்ஆர் அடாப்டர் தேவைப்படும். கேமரா மெனுவில் 'ப்ளக்-இன் பவர்' (கேமராவே மைக்குக்கு அனுப்பும் சிறு மின்சாரம்) என்று இருந்தால் இந்த மைக்குக்கு அதை நிறுத்திவிடுங்கள். இது மின்சாரம் இல்லாமலே இயங்கும் டைனமிக் வகை, அதற்கு அது தேவையில்லை.

வயர் சரியான பிறகும் கைமைக் கொஞ்சம் அடங்கித்தான் பேசும், அது அதன் சுபாவம். மேடைகளில் நாம் பார்க்கும் ஷூர் எஸ்எம்58, ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்துக்குச் சுமார் 1.85 மில்லிவோல்ட் தருகிறது. ரோட் என்டிஜி2 போன்ற கண்டென்சர் சுமார் 15 மில்லிவோல்ட் தரும். எட்டு மடங்கு வித்தியாசம், அதாவது 18 டெசிபெல் அளவில். ஆகவே டைனமிக் மைக்கை உதட்டருகே பிடித்தே பாட வேண்டும். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் போய்விடும். வாயிலிருந்து 5 செ.மீ.யில் இருந்த மைக் 20 செ.மீ.க்கு இறங்கினால் 12 டெசிபெல் நஷ்டம். பக்கத்தில் சட்டி அடிப்பவரின் ஒலி இறங்காது என்பதால் குரல் மட்டும் அமுங்கும். மாமா மேடைப் பழக்கத்தில் ராகம் இழுக்கும்போது மைக்கை விலக்கிப் பிடிப்பவராக இருந்தால் அதைத் தடுக்காதீர்கள். அவர் காதாலேயே மிக்சிங் செய்கிறார். சாதாரண வரிகளில் மைக் மார்புக்கு இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இத்தனைக்கும் பிறகு மீட்டர் எழவில்லை என்றால் அப்போது ப்ரீஆம்ப் பற்றிப் பேசலாம்.

அடுத்தது காசிமேடு. காலர் மைக் என்றதும் பின்னில் எத்தனை கறுப்பு வளையங்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். இரண்டு என்றால் கேமராவுக்கானது, மூன்று என்றால் போனுக்கானது. போன் பின்னில் மைக்கின் கம்பி அடிப்பகுதியில் இருக்கும். கேமராவோ அந்த இடத்தைத் தரையாக வைத்திருக்கிறது. முழுதாகச் செருகினால் ஒலி இருக்காது, சற்று வெளியே இழுத்தால் சில சமயம் வரும். மூன்று வளையம் என்றால் நான்கு பட்டை; அதை மூன்று பட்டையாக மாற்றும் சிறு அடாப்டர் போட்டால் தீர்ந்தது. பேட்டரி டப்பாவோடு வரும் காலர் மைக் என்றால் டப்பாவில் போன், கேமரா என்று சுவிட்ச் இருக்கும், உள்ளே எல்ஆர்44 பொத்தான் பேட்டரி இருக்கும். பேட்டரி தேய்ந்தால் மைக் உடனே சாகாது, குரல் மெலிந்துகொண்டே போகும். இதனால் பலர் கேமராவைச் சந்தேகிக்கிறார்கள்.

ஆனால் உங்கள் மீட்டர் நன்றாக ஆடியது என்கிறீர்கள். அப்படியானால் சிக்னல் வந்து சேர்ந்திருக்கிறது. எது வந்தது என்பதுதான் கேள்வி. பதினொரு மணிக்குமேல் என்றதால் எனக்குக் காற்றின் மீது சந்தேகம். விடியற்காலையில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கிப் போகும், பெரும்பாலும் மெல்லியதாக இருக்கும். வெயில் ஏறியபின் கடற்காற்று கரையேறும். அது மைக்கின் முகத்தில் மோதும்போது எழும் ஓசை மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது. கேமராவின் சிறு ஸ்பீக்கரில் அது கேட்காது, சாதாரண இயர்போனிலும் சரியாகத் தெரியாது. விசைப்படகு எஞ்சினின் உறுமலும் அதே ரகம். காது கேட்காததைக் கேமரா கேட்கிறது. தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு ஒவ்வொரு காற்றடிக்கும் "அடேயப்பா, பெரிய சத்தம்" என்று அளவை இறக்குகிறது, இறக்கியதை மெல்லத்தான் ஏற்றுகிறது. ஏறுவதற்குள் அடுத்த காற்று. அந்த அம்மாவின் குரல் பேட்டி முழுக்க இறக்கிய அளவிலேயே கிடந்திருக்கிறது. மீட்டரில் ஆடியது அவர் பேச்சல்ல, வங்காள விரிகுடா. ப்ரீஆம்ப் வைத்திருந்தால் கடலும் சேர்ந்து பெருகியிருக்கும், கேமரா இன்னும் இறக்கியிருக்கும்.

இதற்கு மூன்று வேலைகள். மைக்கோடு வரும் ஸ்பாஞ்சு உறை கடற்கரைக்குப் போதாது, முடி உறை போடுங்கள். 'லோ கட்' வசதி இருந்தால் இயக்குங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் பேச்சுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. ஒலி அளவை மேனுவலுக்கு மாற்றி, பேசும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தொட்டு இறங்குமாறு வையுங்கள். ஏலக்காரர் கத்தும் வேகத்துக்கு அளவை வைத்துவிட்டுப் பேட்டியை எடுக்காதீர்கள், இரண்டுக்கும் தனித்தனியாக வையுங்கள். முடிந்தால் காற்று எழுமுன் பேசி முடியுங்கள். அந்த நேரத்தில் ஏலக் கூச்சல் இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் அது அந்த இடத்தின் ஒலி. படத்தில் இருந்தால் நல்லது. மைக்கைக் குத்தும் இடத்தையும் கவனியுங்கள். முந்தானை மடிப்புக்குள் போன மைக் பாதிக் குரலைத் துணியிடம் கொடுத்துவிடும். வாயிலிருந்து ஒரு சாண் கீழே, வெளியே தெரியும்படி இருக்கட்டும். மைக் தெரிவது ஒன்றும் குற்றமில்லை.

வரவேற்புப் பதிவில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே ஒலி வந்தது குறைவாக அல்ல, அளவுக்கு மீறி. மிக்சரின் லைன் வெளியீடு வழக்கமான அளவில் சுமார் 1.23 வோல்ட். உங்கள் கேமராவின் மைக் துளை எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். நூற்றுக்கணக்கான மடங்கு கூடுதல். மீட்டர் சிவப்பில் முட்டியிருக்கும், நீங்களும் பதிவு அளவை இறக்கியிருப்பீர்கள். சிறு கேம்கார்டர்கள் பலவற்றில் அந்த அளவுக் கட்டுப்பாடு முதல் பெருக்கிக்குப் பின்னால் இருக்கிறது. முதல் பெருக்கியில் நசுங்கிய ஒலியைப் பின்னால் இறக்கினால் நசுங்கியபடியே சின்னதாகும். குறைவாகவும் கரகரப்பாகவும் இருக்கும் ஒலிக்கு இதுதான் இலக்கணம். எடிட்டிங்கில் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: மலை உச்சிகள் கூராக இருக்காது, கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருக்கும்.

மிக்சருக்கும் கேமராவுக்கும் நடுவில் சிக்னலை இறக்கும் ஒரு சிறு இணைப்பு, அதாவது பேட், வேண்டும். சிக்னல் வழியில் 10 கிலோஓம் ரெசிஸ்டர், கேமரா பக்கம் சிக்னலுக்கும் தரைக்கும் இடையே 100 ஓம். இது சுமார் 40 டெசிபெல் இறக்கும். சில ரூபாய்ச் சாமான். ஒயர்லெஸ் ரிசீவர் வைத்திருந்தால் அதன் வெளியீட்டிலேயே இறக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ரோட் ஒயர்லெஸ் கோவில் மைனஸ் 12, மைனஸ் 24 என்று உண்டு. அது தவறுதலாக இறங்கிக் கிடந்தால் இன்னொரு வகை 'ஒலி குறைவு' வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். மைக் செட்காரரிடம் முன்னதாகவே போய்ப் பேசிவிடுங்கள். நிகழ்ச்சி தொடங்கியபின் கேட்டால் எந்தத் துளை காலியோ அதில் செருகிவிட்டுப் போவார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. உப்புக்காற்றில் பின்னும் ஜாக்கும் சீக்கிரம் மங்கும், பச்சை பிடிக்கும். பின்னை விரலால் உருட்டும்போது ஒலி வந்து வந்து போனால் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பின்னைத் துடையுங்கள். சாமான்களைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். தடித்த ரப்பர் கழுத்துள்ள பின்கள் சில கேமராக்களில் முழுதாக உள்ளே போகாமல் ஒரு மயிரிழை வெளியே நிற்கும். அதையும் பாருங்கள்.

யூடியூப் ஒலியைச் சரிசெய்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். மிகையான ஒலியை அது இறக்கும், குறைந்ததை ஏற்றிவிடும் என்று நம்பியிருக்க முடியாது. ஏற்றும் வேலை உங்களுடையது. எடிட்டிங்கில் 20 டெசிபெல் ஏற்றினால் கேமராவின் இரைச்சலும் 20 டெசிபெல் ஏறும் என்பதால், களத்திலேயே சரியாக எடுப்பதுதான் சுலபம்.

ஏற்கெனவே எடுத்தவற்றை என்ன செய்வது? மாமாவின் பாட்டை முழுதாக மீட்டுவிடலாம். ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டிங் மென்பொருளில் திறந்து, ஸ்டீரியோ தடத்தை இரண்டாகப் பிரித்து, வலது தடத்தை மட்டும் தேர்ந்து 'இன்வெர்ட்' கொடுத்துவிட்டு, இரண்டையும் மோனோவாகக் கலந்துவிடுங்கள். பிறகு போன் ஸ்பீக்கரிலேயே கேட்கும். காசிமேட்டுப் பேட்டியில் முதலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், அதன்பின் ஒலியை ஏற்றுங்கள். வரிசையை மாற்றினால் காற்றுதான் ஏறும். முக்கால்வாசி தேறும். வரவேற்பு ஒலி தேறாது. சீவப்பட்ட உச்சியில் இருந்ததை எந்த மென்பொருளும் உண்மையாகத் திருப்பித் தராது. மிக்சர் வயர் செருகியிருந்ததால் கேமராவின் சொந்த மைக்கும் அன்று ஊமையாக இருந்திருக்கும். ஆனால் வரவேற்புக்கு வந்த உறவுக்காரர்களில் பத்துப் பேராவது மேடையைப் போனில் எடுத்திருப்பார்கள். மேடைக்கு அருகே நின்றவரிடம் அந்த வீடியோவைக் கேட்டு வாங்கி, அதன் ஒலியை உங்கள் படத்தோடு உதட்டசைவு பார்த்துப் பொருத்துங்கள்.